மான் துப்பாக்கியின் அடியில் ஒட்டிய பெயர்

ஜனவரி 16, 2024

கர்த்தருக்குள் அன்பான தம்பி கார்லண்டுக்கு அக்கா அர்லீன் எழுதுவது.

நீ போனில் கேட்டபடி, அப்பா இறந்தபின் அவர் பொருள்களைப் பிரித்த அன்று அவர் வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்: நான், உன் அத்தான் டெல்மர், உன் அண்ணன் வெண்டல், அவன் மனைவி ஃபில்லிஸ், நீ. ஆக ஐந்து பேர். போதகர் இரண்டு மணிக்கு வந்து ஜெபித்து, ஆப்பிள் பை ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். பிரிக்கும்போது அவர் இல்லை. நாய் மோஸ் அப்பாவின் நாற்காலிக்கு அடியில் கிடந்தது. செப்டம்பர் 24, ஞாயிறு. தினமும் எழுதும் என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.

நாங்கள் இங்கே சுகம். உன் முதுகுவலி எப்படி? அந்த இரும்புக் கட்டிலில் மெத்தை என்று ஏதாவது உண்டா?

அப்பா விஷயத்தில் சண்டை வர இடமில்லை. அம்மா செய்ததுபோலவே, அவரும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் டேப் ஒட்டி யாருக்கு என்று பெயர் போட்டிருந்தார். கடிகாரம் எனக்கு. மீன்பிடிப் படகு வெண்டலுக்கு. மான் துப்பாக்கியில் உன் பெயர். ஆனால் உன்மேல் பழைய தண்டனை இருப்பதால் உன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, வெண்டலே கொண்டுபோய் வைத்திருக்கட்டும் என்று எல்லோருமாகத்தான் முடிவு செய்தோம். இதை வக்கீலிடம் சொல்.

அதன்பிறகு அது உன் ட்ரெய்லர் வீட்டுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

இங்கே ஐஸ் மழை. சபையில் உனக்காக ஜெபிக்கிறோம்.

அன்புடன்,
அக்கா அர்லீன்

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் போகவில்லை. நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்து, படமெடுத்து, ஒரு திரையில்தான் காட்டுகிறார்கள். காகிதத்தைக் கையில் தருவதில்லை. அதனால் பார்த்து எழுது. ரொட்டி செய்முறை எழுதினால்கூட இங்கே இரண்டு பேர் குறித்துக்கொள்வார்கள்.

நீ எழுதிய ஐந்து பேர் பட்டியலை வக்கீல் பெல்சர் அம்மாவிடம் சொன்னேன். "உங்க அக்கா ரொம்ப ஒழுங்கானவங்கபோல" என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பரில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் பெரிதாக இல்லை. யாருடைய மாடுகளோ ரோட்டில் நிற்கின்றன, உன்னுடையதா என்று கேட்கத்தான் ஷெரீஃப் ஆபீஸ் பையன் கோடி வந்தான். நல்ல மழை. "உள்ள வாடா, நனையாத" என்று கதவைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் அந்தத் துப்பாக்கி நின்றது. பக்கத்திலேயே அப்பாவின் புகையிலை டப்பா, அதற்குள் நாலு தோட்டா. மறைத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"யாரோடது?" என்றான். அப்பாவோடது என்றேன். "அடியில உன் பேர் ஒட்டியிருக்கே" என்றான். ஆமா என்றேன். "கார்லண்ட், ஏன்டா இப்படி?" என்றான். காபி போட்டிருந்தேன். குடித்துவிட்டுத்தான் விலங்கு மாட்டினான். கப்பைக்கூட அவனே கழுவி வைத்தான்.

இருபத்தோரு வயதில் தீவனக் கடைப் பூட்டை உடைத்து இரண்டு மரம் அறுக்கும் ரம்பம் எடுத்தவன் நான். அதற்கு நாலு மாதம் உள்ளே இருந்தேன். இப்போது அந்த நாலு மாதத்துக்காக மத்திய அரசே வழக்குப் போட்டிருக்கிறது. சட்டத்தில் உச்சம் பதினைந்து வருஷம் என்கிறார் பெல்சர் அம்மா. அவ்வளவு வராது என்றும் சொல்கிறார்.

மோஸ் உன் வீட்டுக்கு வந்ததா?

கார்லண்ட்

பிப்ரவரி 11

அன்பான தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, உடனே எழுதுகிறேன்.

மோஸ் வரவில்லை. மூன்று தடவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம், மூன்று தடவையும் நாலு மைல் நடந்து உன் ட்ரெய்லர் படிக்கே திரும்பிவிட்டது. இப்போது டெல்மர் தினம் அங்கே போய்ச் சோறு வைக்கிறார். "இந்தக் குடும்பத்துல ஒரே ஒரு உருப்படிக்குத்தான் எந்த வீடு யாரோடதுன்னு தெளிவா தெரியுது" என்கிறார்.

நிலவறையில் பீன்ஸ் இன்னும் அறுபத்திரண்டு ஜாடி. தக்காளி முப்பத்தேழு. ஒரு ஜாடி மூடி தானாகத் திறந்துவிட்டது, கொட்டிவிட்டேன். பெண்கள் ஐக்கியத்தில் இந்த மாதம் போர்வை தைக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை மத்திய அரசுக்காரர் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். துப்பாக்கியின் கட்டையில் ஒட்டியிருந்த டேப்பைப் படமெடுத்து வைத்திருந்தார். நீதான் உன் பெயரை ஒட்டி உன்னுடையதாக்கிக்கொண்டாய் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். டெல்மர் அப்போது வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார்.

அப்பாவுடையது என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் மாவெடுத்து நாலு ரொட்டி சுட்டேன்.

உனக்கு உள்சட்டை அனுப்பலாமா? விதி என்ன என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அர்லீன்

மார்ச் 9

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. உள்சட்டை அனுப்பாதே, திருப்பிவிடுவார்கள்.

அப்பாவுடைய எழுத்து என்று சொன்னாயா. பக்கவாதம் வந்த பிறகு கடைசி இரண்டு வருஷம் அவரால் ஸ்பூனையே பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டினேன். ஆனால் டேப்பில் மட்டும் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி வளைத்து வளைத்து எழுதியிருக்கிறார். கெட்டிக்கார மனுஷன்.

அந்த ஆள் மறுபடி வந்தால், பேச விருப்பமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடு. இதுவரை சொன்னது போதும், மேலே ஒன்றும் சொல்லாதே. எனக்காகக் கேட்கவில்லை.

மோஸுக்கு இடது காதில் புண் வரும். அத்தானைப் பார்க்கச் சொல்.

கார்லண்ட்

மார்ச் 15

அன்பான தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா? மோஸின் காது நன்றாக இருக்கிறது.

நீ எழுதியதை வாசித்தேன். அதைப் பற்றி இதில் எழுத முடியாது. படிக்கிறார்கள் என்று நீயே சொன்னாயே.

ஞாயிறு பள்ளியில் என் வகுப்பை இந்த மாதம் வேறொருத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

ஜனவரியிலிருந்து புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் உன் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதக் கொடுத்தது நான்தான். "தவறு செய்த என் தம்பிக்காக" என்று கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அதை யாராவது சத்தமாக வாசிக்கிறார்கள், நான் குனிந்துகொள்கிறேன். போன வாரம் கடையில் ஃபில்லிஸின் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படித்தான் தாங்குறியோ அர்லீன், இப்படி ஒரு தம்பிய வெச்சுக்கிட்டு" என்றாள். நன்றி என்றேன். கார்லண்ட், நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

வேறு விசேஷமில்லை.

அர்லீன்

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே இப்போது என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் தாத்தா.

போன வாரம் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். நீதிபதி இரண்டே விஷயம்தான் கேட்டார்: அது உன் வீட்டில் இருந்தது உனக்குத் தெரியுமா, உன்மேல் பழைய தண்டனை இருப்பது உனக்குத் தெரியுமா. இரண்டுக்கும் ஆமாம். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சட்டத்துக்கு அது தேவையில்லையாம். கேட்காததை நான் சொல்லவுமில்லை.

தண்டனை சொல்லும் நாள் ஜூலை 23. பெல்சர் அம்மா காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். இப்படியே போனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரலாம். ஆனால் அந்தத் துப்பாக்கி குடும்பத்தில் வழிவழியாக வந்தது, மான் வேட்டைக்குத் தவிர வேறெதற்கும் இல்லை என்று நீதிபதி நம்பினால் கணக்கு மொத்தமும் கீழே வந்துவிடும். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மாதங்களே போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பலகை ஆலையில் முதலாளி ஆகஸ்ட் முதல் தேதிவரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் முடியாதாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சும்மா வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார் பெல்சர் அம்மா. எங்க வீட்டுல எழுதுற ஆள் யாரும்மா என்றேன்.

உன் நோட்டுகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

வெண்டல் ஒரு கடிதம் எழுதினால் உதவியாக இருக்கும். கேட்டுப் பார்.

கார்லண்ட்

மே 27

அன்பான தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலு தடவை எழுத உட்கார்ந்தேன்.

வெண்டலிடம் கேட்டேன். தன் பெயர் இதில் எங்கேயும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

ஸ்ட்ராபெர்ரி பழுத்துவிட்டது. பதினெட்டு ஜாடி ஜாம்.

அர்லீன்

ஜூன் 8

அக்காவுக்கு,

பரவாயில்லை. வெண்டல் அப்படித்தான். நீ மனதை வருத்திக்கொள்ளாதே.

இது சின்னக் கடிதம். ஜூலை 23ஆம் தேதி நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம். மூன்று மணி நேரப் பயணம், அத்தானுக்கு வேலை கெடும். தண்டனை நீண்டால் ட்ரெய்லரைப் பூட்டிவிட்டு, மோஸை ஆலையில் வேலை செய்யும் ஹோமரிடம் கொடுத்துவிடு. அவனிடம் அது போகும்.

நீ என்னை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது இப்போது இங்கே உதவுகிறது. மூன்று பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

கார்லண்ட்

ஜூன் 27

அன்பான கார்லண்டுக்கு,

அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. உன் ட்ரெய்லரில் இருந்தவர்கள்: நீ, நான், மோஸ். வேறு யாரும் இல்லை.

ஜனவரியில் நான் அனுப்பிய பட்டியல் சரிதான், ஆனால் அது வேறொரு நாளின் பட்டியல். உனக்கு வேண்டியிருந்தது இதுதான். எட்டு மாதமாக என்னிடம் இருந்தது.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பொருள்களைப் பிரித்த அன்று வெண்டலின் காரில் இடமில்லை, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று துப்பாக்கியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அம்மா வாசித்த ஆர்கனை அவளை அடக்கம் செய்த வாரமே விற்றவன் அவன். இதையும் விற்றுவிடுவான் என்று நினைத்தேன். குளியல் துண்டில் சுற்றி, புகையிலை டப்பாவையும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ ஆலையிலிருந்து வந்து கையில் ஒட்டிய மரத்தூளைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"அக்கா, இத நான் தொடக் கூடாது. உனக்குத் தெரியும்ல?" என்றாய்.

"அதெல்லாம் என்னிக்கோ முடிஞ்சுபோச்சுடா. உனக்கு வந்த பேப்பர நான்தான படிச்சேன்? உரிமை எல்லாம் திரும்பக் குடுத்தாச்சுன்னு போட்டிருக்கு."

"அது ஓட்டுப் போடுறதுக்கு மட்டும்னு நினைச்சேன்."

"படிச்சது நீயா, நானா?"

நீ மறுபடி கை கழுவத் திரும்பிவிட்டாய். துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தது என் கை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் படித்துவிடுவேன் என்ற பெருமை எனக்கு. அந்தப் பேப்பரைப் போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் அதில் இருக்கிறது, ஓட்டு. துப்பாக்கி என்ற வார்த்தையே இல்லை.

ஏன் செய்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். அப்பாவை இரண்டு வருஷம் குளிப்பாட்டித் துடைத்தது நீ. மகளாகப் பிறந்த நான் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் ஜாடியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசனை தாங்காமல் சீக்கிரம் கிளம்பினேன். உனக்கு ஏதாவது பெரிதாகக் கொடுத்தால் என் மனசு ஆறும் என்று பார்த்தேன். டேப்பில் பெயரை அப்பா வாயால் சொன்னார், எழுதியது நான்.

உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்ட மறுநாள் காலையில், நோட்டில் அக்டோபர் 3 பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். "பூசணி ரொட்டி மூன்று. அப்பாவின் துப்பாக்கியும் டப்பாவும் கார்லண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் நல்ல வெயில்." எரிக்க மனம் வரவில்லை. மாவு டப்பாவின் அடியில் விரிக்கும் காகிதத்துக்குக் கீழே வைத்தேன். அதற்கு மேலிருந்து மாவெடுத்துத்தான் இத்தனை மாதமும் ரொட்டி சுட்டேன்.

நோட்டுகளைப் பற்றி வக்கீலிடம் சொல்லவில்லை என்று நீ எழுதிய வரியைப் படித்த அன்றே புரிந்தது, என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று. அப்படியும் மேலும் ஏழு வாரம் சும்மா இருந்தேன். துப்பாக்கியை விற்றாலும் சும்மா கொடுத்தாலும், கூடாது என்று தெரிந்த ஆளிடம் கொடுத்தவரையும் சட்டம் பிடிக்கும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். அரசுக்காரரிடம் பொய் சொன்னது தனிக் குற்றம். எனக்குப் பயம். டெல்மர் சபையில் டீக்கன் பொறுப்பில் இருப்பவர், ஊர் என்ன சொல்லும் என்பதும் ஒரு பயம். அது சின்னப் பயமில்லை.

உன் ஜூன் கடிதத்தைப் படித்துவிட்டு டெல்மரிடம் சொன்னேன். மோஸுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவன் ஏழு மாசமா உள்ள உக்காந்திருக்கான். நீ ஏழு மாசமா பீன்ஸ் ஜாடிய எண்ணிக்கிட்டு இருந்திருக்க" என்றார். பிறகு, "வண்டில ஏறு" என்றார்.

பெல்சர் அம்மாவிடம் முப்பத்தொரு நோட்டு கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒவ்வொரு நவம்பரும் அப்பாவும், அவர் படுத்தபின் அதே துப்பாக்கியால் டெல்மரும் சுட்ட மான், எந்தத் தேதி, எத்தனை பவுண்டு கறி, யார் யாருக்குக் கொடுத்தோம் எல்லாம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் அந்தத் துப்பாக்கியால் மானைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. போன நவம்பரில் மட்டும் "இந்த வருஷம் மான் இல்லை" என்று இருக்கிறது. அது உன் வீட்டில் ஆறு வாரம் நின்றும் நீ அதைத் தோளில் வைக்கவே இல்லை என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அவர் புரட்டிக்கொண்டே வந்து அக்டோபரில் நிறுத்தினார். "இங்க ஒரு பக்கம் காணமே" என்றார். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மாவு ஒட்டியிருந்தது.

இதைக் கோர்ட்டில் கொடுத்தால் உங்கள்மேலும் வழக்கு வரலாம், முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பார்த்தேன். அந்த வக்கீல் கொடுக்கவே வேண்டாம் என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, திரும்பப் போய்க் கொடுத்துவிட்டேன். அந்த எழுத்து என்னுடையது என்று அரசுக்காரருக்கும் தனியாக எழுதிப் போட்டேன்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து, பலகையில் இருக்கும் வரியை மாற்ற வேண்டும் என்றேன். தவறு செய்தவள் பெயர் வேறு என்று சொல்லி, என் பெயரைச் சொன்னேன். பியானோ வாசிக்கும் பெண் பதற்றத்தில் கல்யாணப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். முடியும்வரை எல்லோரும் நின்றுகொண்டே பாடினோம். வெளியே வரும்போது இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். மற்றவர்கள் பேசவில்லை, அதற்கு அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகப் படியுங்கள். நாளும் நேரமும் சரியாக இருக்கின்றன.

நோட்டுகளை நீதிபதி ஏற்பாரா என்று பெல்சர் அம்மாவால் உறுதி சொல்ல முடியவில்லை. மோஸை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. உன் ட்ரெய்லரைக் கழுவி, படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் துடைப்பம் மட்டும்தான் இருக்கிறது.

வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஜூலை 23 காலை நானும் டெல்மரும் அங்கே இருப்போம். உன் பக்கத்து முன் வரிசையில் நான் உட்காரலாமா, இல்லை நீ திரும்பினால் கண்ணில் படாதபடி பின்னால் உட்காரட்டுமா என்று மட்டும் சொல். பின்னால் என்றாலும் எனக்குச் சரிதான். அங்கிருந்து கடிதம் வர ஒரு வாரம் ஆகிறது. சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
அர்லீன்